டெல்ஃபாவுக்குக் குனிந்த மலை

வெட்ஸ்டோன் மலை முதல் தடவை குனிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அந்த வாரம் கோதுமை விலை இறங்கியும் கன்றுக்குட்டி விலை ஏறியும் இருந்ததால் எங்கள் ஊரில் மலையைப் பற்றிப் பேச ஆளில்லை. குனிந்தது என்றால் இடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பாறை உருளவில்லை, ஒரு வேலிக் கம்பி அறவில்லை, சரிவில் மேய்ந்த மாடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. முழங்கால் வலிக்காரர் நாற்காலியில் உட்காருவதுபோல மெதுவாக அது தாழ்ந்தது, மேலே போன சாலையும் கூடவே தாழ்ந்தது. அதன் அடிவாரத்தில் அப்போது ஓரின் ஹாக்ஸ்டாட்டின் பழைய பிக்கப் வண்டி நின்றுபோய்க் கிடந்தது.

ஓரின் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி டெல்ஃபா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருந்தவள். எங்களில் பாதிப் பேர் அவள் கையால் தின்று, அவள் வாயால் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு அவளுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப்பக்கத்து ஊரில். மலையைச் சுற்றிப் பள்ளத்தாக்கு வழியாகவும் போகலாம், ஆனால் அரை நாள் பிடிக்கும். கேட்டால் கொண்டுபோய் விட எவரும் மறுக்க மாட்டார்கள்தான். ஆனால் மொன்டானாவின் இந்த மூலையில் கேட்பது வழக்கமில்லை, அதிலும் அறுவடை நேரத்தில்.

பிக்கப்பின் வியாதி இன்ஜெக்டரில் இருந்தது. வயல்வெளித் தொட்டியில் பல வருஷம் கிடந்து துருவேறிய பெட்ரோலை வீணாக்க மனமில்லாமல் ஓரின் அதையே ஊற்றி ஓட்டியிருந்தார். பெட்ரோலைப் புகையாகத் தூவ வேண்டிய எட்டு இன்ஜெக்டர்களும் அடைத்துக்கொண்டு எச்சிலாகத் துப்பின. சமதரையில் வண்டி இருமும், ஏற்றத்தில் உதறும், பிறகு செத்துவிடும். எட்டையும் புதிதாக மாற்றப் பெரிய ஊர்ப் பட்டறையில் சொன்ன விலைக்கு அதே மாதிரி வண்டி இரண்டு வாங்கலாம். யாராவது படுத்துவிட்டால் மூடிபோட்ட பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோய் வைப்பவர்கள் நாங்கள். ஓரினின் வண்டி படுத்ததும் ஆளுக்கொரு பாதி பாட்டில் இன்ஜெக்டர் கிளீனரைக் கொண்டுபோய் அவர் வாசல் படியில் வைத்தோம். "இத ஊத்துங்க, எங்க டிராக்டரே எந்திரிச்சு உக்காந்துச்சு" என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தோம். ஓரின் யார் மனதும் கோணாமல் எல்லாவற்றையும் ஊற்றினார். வண்டிக்கு வாசனை மட்டும் மாறியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாதி ஏற்றத்தில் வண்டி செத்து, பின்னோக்கி உருண்டு அடிவாரத்துக்கே வந்து நின்றது. டெல்ஃபா கதவைத் திறந்து இறங்கினாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இடுப்பில் கைவைத்து மலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏ கிழட்டு மலையே! வண்டி செத்துக்கிட்டிருக்கு, நான் செத்துக்கிட்டிருக்கேன், நீ மட்டும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"ஏறு டெல்ஃபா. அது கல்லு. அதுக்குக் காது கேக்காது."

"உனக்கும்தான் கேக்காது. அதுக்காக நான் உன்னைத் திட்டாம இருக்கேனா?"

அப்போதுதான் மலை குனிந்தது. ஓரின் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், சாவியைத் திருப்பினார். அன்றைக்கு டயாலிசிஸுக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த மூன்று வருஷம் இதுதான் நடைமுறை. செவ்வாய், வியாழன், சனி காலையில் அந்த இருமல் அடிவாரத்தை நெருங்கியதும் மலை உட்காரும்; அவர்கள் திரும்பி வந்து வீட்டுக் கதவைச் சாத்தியதும் எழுந்துகொள்ளும். சாலைத்துறை ஆட்கள் வந்து அளந்தார்கள், ஆளுக்கொரு உயரம் வந்ததால் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். தாழ்ந்த மலையில் பனி நிற்காது என்பதால் குளிர்காலத்திலும் அந்த மூன்று நாட்கள் வழி திறந்தே இருந்தது. பல்வலிக்காரர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், கூடைப்பந்து விளையாடப் போகும் பிள்ளைகளின் பஸ் எல்லாம் ஓரினின் வண்டிக்குப் பின்னால் வரிசை கட்டிப் போகப் பழகிவிட்டார்கள். புகையில் கண் எரியும். யாரும் ஹாரன் அடித்ததில்லை.

எங்களுக்கு அத்தோடு இருக்கத் தெரியவில்லை. கிழவர் இருமுகிற வண்டியில் சீக்காளியை வைத்துக்கொண்டு போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தீயணைப்பு நிலையத்தில் ஒரு சனிக்கிழமை அப்பம் சுட்டு விற்றுக் காசு சேர்த்தோம். அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ரோவீனா கோபெல், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினாலே போதும், ரப்பர் வளையமும் ஸ்பிரேயும் ஃபில்டரும்தான் செலவு என்றாள். எங்கள் ஊரில் வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவது வழக்கம். திருடர்களுக்கு இருக்கும் அதே வசதி நல்லது செய்கிறவர்களுக்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓரினும் டெல்ஃபாவும் சர்ச்சுக்குள் போனதும் வண்டியை ரோவீனாவின் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பாதிரியாரைப் பிரசங்கத்தை நீட்டச் சொல்லியிருந்தோம். அவர் நீட்டியது யாருக்கும் தெரியவில்லை. அதன்பிறகு விருந்துச் சாப்பாடு, அதன்பிறகு காபி, அதன்பிறகு பாட்டு.

கொட்டகையில் ரோவீனா எட்டு இன்ஜெக்டரையும் கழற்றி, எது எந்த சிலிண்டர் என்று மாறிவிடாமல் டெல்ஃபா அவளுக்கு எப்போதோ கொடுத்த கேக் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் பேட்டரி ஒயரைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். அது டிக் டிக்கென்று வாயைத் திறக்கும் நேரம் பார்த்து ஸ்பிரேயை உள்ளே அடித்தாள். ஜாம் பாட்டிலுக்குள் முதலில் பழுப்புச் சொட்டு, பிறகு கோணல் கோடு, கடைசியில் அழகாக விரிந்த புகை. எட்டாவதும் விரிந்தபோது நாங்கள் கைதட்டினோம். சாயங்காலம் ஓரின் சாவியைத் திருப்பியபோது சத்தமே இல்லாததால் வண்டி கிளம்பவில்லை என்று நினைத்து மறுபடி திருப்பினார். ஓடுகிற எஞ்சினில் ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் கடிபட்டுக் கிறீச்சிட்டது. விஷயம் புரிந்ததும் அழுதார். நாங்களும் அழுதோம்.

செவ்வாய்க்கிழமை மலை குனியவில்லை. வண்டி இருமாமல் வந்ததால் இனி இங்கே தனக்கு வேலையில்லை என்று அதற்குப் பட்டிருக்க வேண்டும். ஓரின் இரண்டாம் கியரில் போட்டார், வண்டி சிரமமில்லாமல் ஏறியது. உச்சிக்கு வந்ததும் டெல்ஃபா நிறுத்தச் சொல்லி, வெகு நேரம் கீழே பார்த்தாள்.

"ஊரு இவ்வளவுதானா? இதுக்குள்ளயா நான் இத்தனை பேருக்குச் சமைச்சேன்?"

நவம்பர் கடைசியில் பனி கொட்டியது. நின்ற மலையில் பனியும் நின்றது. சாலைத்துறை குறுக்குக் கம்பியை இறக்கி வழியை மூடியது. பனி தள்ளும் வண்டி ஏறி இறங்குவதற்குள் தள்ளிய இடம் நிரம்பியது. பள்ளத்தாக்கு வழியில் இரண்டு தடவை போனார்கள், மூன்றாம் தடவை அங்கும் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. அந்தக் காற்றில் ஹெலிகாப்டர் எழும்பாது என்றார்கள். டெல்ஃபாவின் முகம் வீங்கியது, மூச்சு வாங்கியது.

ரோவீனா தானே கழுவிய இன்ஜெக்டர்களைத் தானே கழற்றித் துருத்தண்ணீரில் ஊறவைத்து மாட்டினாள். தொட்டியில் பழைய பெட்ரோலை ஊற்றினோம். வண்டி முன்னைவிட நன்றாகவே இருமியது. ஊரே அடிவாரத்தில் திரண்டு நின்றோம். மலை அசையவில்லை. பாதிரியார் திட்டிப் பார்த்தார், வாயில் வசவு சரியாக வரவில்லை. ரோவீனா பனியில் மண்டியிட்டாள். "நீங்க சொல்லுங்க டெல்ஃபா, நீங்க சொன்னாத்தான் கேக்கும்" என்று கெஞ்சினாள். வண்டிக்குள்ளிருந்த டெல்ஃபா ஜன்னல் கண்ணாடியை இறக்கி மலையைப் பார்த்தாள்.

"வேணாம் விடு. மூணு வருஷம் உக்காந்து உக்காந்து எந்திரிச்சிருக்கு. இப்பதான் நிம்மதியா நிக்குது."

"டெல்ஃபா, ஒரே ஒரு தடவ" என்றார் ஓரின்.

"குளுருது ஓரின். வீட்டுக்குப் போ."

அந்த வாரம் முடிவதற்குள் டெல்ஃபா போய்விட்டாள். எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். செய்ய முடிந்ததையெல்லாம் செய்துவிட்டோம், வினையே அதுதான். அடக்கத்துக்கு, அன்றைக்கு அப்பம் சுட்ட அதே ஆட்கள் வெந்நீர் காய்ச்சிக் கொண்டுவந்து உறைந்த தரையில் ஊற்றிக் குழி வெட்டினோம். பெட்டியை இறக்கும்போது வெட்ஸ்டோன் மலை குனிந்தது. உட்காரவில்லை, முழுசாகவே படுத்துவிட்டது. சாலை பலகைபோல நேராகக் கிடந்தது, அதில் பனி இல்லை. ஓரின் திரும்பிப் பார்த்துவிட்டுக் குழியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரோவீனா இன்ஜெக்டர்களை மறுபடி கழுவி மாட்டிக் கொடுத்தாள். "நான்தான் கெடுத்துட்டேன்" என்று வாசலில் நின்றாள். "வண்டி நல்லா ஓடுதும்மா" என்றார் ஓரின்.

அதன்பின் மலை எழவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஓரின் இன்னமும் செவ்வாய், வியாழன், சனி காலையில் கிளம்புகிறார். பழைய அடிவாரம் இருந்த இடத்துக்கு வந்ததும் இரண்டாம் கியருக்கு மாற்றுகிறார். வண்டியின் மூக்கு நிமிர்கிறது. சக்கரம் தரையை விட்டு, பழைய சாலை போன வளைவிலேயே காற்றில் ஏறுகிறது. எஞ்சின் ஒரு தடவைகூட இருமுவதில்லை. உச்சி இருந்த உயரத்தில் நிறுத்திக் கொஞ்ச நேரம் ஊரைப் பார்த்துவிட்டு அந்தப்பக்கம் இறங்கிப் போகிறார். நாங்கள் கீழே அதே சாலையில் போகிறோம். சில நாள் மேலேயிருந்து கண்ணாடியில் ஒரு சொட்டு எண்ணெய் விழும், வைப்பரைப் போட்டுத் துடைத்துக்கொள்வோம்.