போகிற தபால்

ஓசூரில் கிருஷ்ணப்பன் மேனேஜராக இருந்த பட்டறைக்கு எண்பத்தொன்பதில் கம்ப்யூட்டர் வந்தது. அனுப்பியது பெங்களூர் தலைமை ஆபீஸ். டெலிபோன் ஒயரோடு இணைத்துவிட்டால் கடிதமெல்லாம் அதன் வழியாகவே வரும், போகும் என்றார்கள். அதை இயக்கத் தெரிந்தவள் அங்கே ஒருத்திதான், டைப்பிஸ்ட் ராஜமேரி.

புரோகிராம் அவளிடம் இரண்டு விவரம் கேட்டது. வருகிற தபாலை எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க வேண்டும்? போகிற தபாலை எந்தக் கம்ப்யூட்டரிடம் கொடுக்க வேண்டும்? இரண்டும் பெங்களூரில் இருந்தன. முதலாவதை அடித்துவிட்டு இரண்டாவதற்குப் போனபோது கிருஷ்ணப்பன் தடுத்தார்.

"அது வேணாம்மா. வெறுமனே வுடு."

"அப்பறம் நாம எப்படிங்க சார் அனுப்பறது?"

"நாம என்னத்த அனுப்பறது? மேல இருந்து வர்றதக் கேட்டு நடந்தா போதும்."

அந்த மனிதரின் புத்தியே அப்படித்தான். ஆபீஸ் டெலிபோன் டயலுக்கும் குட்டிப் பூட்டு, சாவி அவர் சட்டைப்பையில். வெளியிலிருந்து மணி அடிக்கலாம், உள்ளேயிருந்து ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. காரணம் இல்லாமல் இல்லை. வேலை வேகமாக நடக்கட்டும் என்று, தகடு அடிக்கும் இரண்டாம் நம்பர் பிரஸ்ஸில் கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்புக் கம்பியைக் கழற்றிப் போட்டவர் அவர். அதில் வேலை பார்த்த மாதையனுக்கு இரண்டு விரல் போனது. பெங்களூருக்கு மூச்சுக்கூட விடவில்லை.

அதே பிரஸ்ஸில் அடுத்து யாரை உட்கார வைத்தார் தெரியுமா? ராஜமேரியின் அண்ணன் சவரியை. "கம்பிய மாட்டுங்க சார், உக்கார்றேன்" என்றவனுக்கு, "புடிக்கலைன்னா கணக்கு முடிச்சிக்கிட்டு உன் ஊரு பென்னாகரத்துக்கே போ" என்று பதில். பிள்ளைகுட்டிக்காரன், என்ன செய்வான்? உட்கார்ந்தான்.

இது ராஜமேரியின் காதுக்கு வந்தது. நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, போகிற தபாலுக்கென்று காலியாகக் கிடந்த இடத்தை நிரப்பினாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடந்ததையெல்லாம் அடித்து, அடியில் தன் பெயரையும் போட்டாள். மொட்டைக் கடிதம் எழுத அவள் என்ன திருடியா?

தபால் எடுக்கும் மத்தியான நேரம் இன்னும் ஆகவில்லை. அனுப்பியதும் டெலிபோனோடு இணைத்த பெட்டி கீச்சென்று கத்தியது. கிருஷ்ணப்பன் ஓடி வந்தார்.

"சாவி எங்கிட்ட இருக்குது. எவ நம்பர் போட்டது?"

"பூட்டு டயலுக்குத்தானுங்க சார். தெனமும் மத்தியானம் போட்டுக்கற மாதிரி, இந்தப் பெட்டி தானே நம்பர் போட்டுக்கும்."

"என்ன அனுப்பின?"

"ரெண்டாம் நம்பர் பிரஸ் கதைய. எம் பேரு போட்டுத்தான் அனுப்பியிருக்கறேன்."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போவட்டுங்க. வேலை போனா வேற தேடிக்கலாம். வெரல் போனா எங்கிங்க தேடறது?"

மத்தியானம் ஆர்டர் விவரம் வருகிற நேரம். அதை எடுக்காதே என்று சொல்ல அவராலும் முடியவில்லை. ராஜமேரி வந்த தபாலைத் திறந்தாள். ஆர்டருக்கு மேலே ஒரு கடிதம் இருந்தது. இரண்டாம் நம்பர் பிரஸ்ஸை உடனே நிறுத்த வேண்டும், நாளை ஆள் வந்து பார்ப்பார்கள் என்றது.

கிருஷ்ணப்பன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பட்டறையில் பிரஸ் இன்னும் இடித்துக்கொண்டிருந்தது.

"மேல இருந்து வந்திருக்குதுங்க சார். கேட்டு நடக்கலீங்களா?"

அவர் மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். இவருக்காகக் காத்திருந்தால் ஆகாது என்று அவளே எழுந்து பட்டறைக்குள் போனாள்.

"சவரிண்ணா, கைய எடு" என்று சொல்லி சுவிட்சை அணைத்தாள். அவன் ஒன்றும் புரியாமல் கைகளை விரித்துக் காட்டினான். பத்து விரலும் இருந்தன.