வத்தல்மலை இறக்கம்

வத்தல்மலை உச்சியில் தார்ச்சாலையை விட்டு விலகி, கேத்தரினும் அவள் தம்பி மரிய ஆனந்தும் பழைய ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை இறக்கினார்கள். சாலை வருவதற்கு முன் மலைக்காரர்கள் மூட்டை சுமந்த பாதை அது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு சரிவு. கேத்தரின் தருமபுரியில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் பயிற்சி தருகிறவள். பெங்களூரில் வேலை பார்க்கும் ஆனந்த் லீவுக்கு வரும்போதெல்லாம் இருவரும் இங்கே வந்துவிடுவார்கள்.

ஆனந்த் முன்னால் போனான். ஒரு வளைவில் அவனுடைய முன்சக்கரம் சருகுக் குவியலின் மேல் ஏறியது. வெடித்தது.

கேத்தரின் பிரேக்கைப் பிடித்த வேகத்தில் தூக்கியெறியப்பட்டாள். காது அடைத்துவிட்டது. புகைக்குள் தம்பி மல்லாந்து கிடந்தான். அவனது வலது ஷூவின் முன்பாதி இல்லை. காட்டுப்பன்றி கடித்ததும் வாய் சிதறட்டும் என்று தீனிக்குள் வெடிமருந்து திணித்துப் போடும் அவுட்டுக்காய் அது.

"அக்கா, காலு இருக்குதா?"

"இருக்குது. நீ பாக்காத."

மாற்று டியூபை எடுத்து அவன் கணுக்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டினாள். செல்போனில் சிக்னல் இல்லை. அப்போது புதரை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். நடுவயது. தோளில் சாக்கு, கையில் கொடுவாள்.

"பன்னின்னு நெனச்சேன்" என்றான்.

"அண்ணா, ஒரு கை புடிங்க. கீழ தூக்கிட்டுப் போயிரலாம்."

அவன் அசையவில்லை. "ஆருகிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"

"சொல்ல மாட்டோம்ணா. வாங்க."

"சொல்லாம?" ஆனந்த் வலியில் கத்தினான். "உன்னை உள்ள தள்ளாம வுட மாட்டேன்டா."

வந்தவனின் முகம் மாறியது. "போன தடவை போலீசு உள்ள போட்டுத் தோலை உரிச்சதே போதும். இன்னொரு தடவை என்னால முடியாதும்மா" என்று தணிந்த குரலில் சொன்னான். சொல்லிக்கொண்டே குனிந்து, ஆனந்தின் சட்டைக் காலரைப் பிடித்துச் சரிவை நோக்கி இழுத்தான்.

கேத்தரின் தன் சைக்கிளைத் தூக்கி அவன் மேல் வீசினாள். பெடலின் முட்கள் அவன் கன்னத்தைக் கிழித்தன. அவன் திரும்பி வெட்டினான். கொடுவாள் அவள் இடது முன்கையில் இறங்கியது. வலி அப்போது தெரியவில்லை. சைக்கிளை மறுபடி எடுத்து, பல்சக்கரம் அவன் முழங்காலில் படும்படி முழு பலத்தோடு இடித்தாள். எலும்பு முறிவது கைக்குத் தெரிந்தது. அவன் விழுந்தான், கொடுவாள் நழுவியது.

"வுட்டுரும்மா" என்றான்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் வாயில் அடித்தாள். பல் உதிர்ந்தது. மறுபடி அடித்தாள்.

"அக்கா, போதும்!"

அப்போதுதான் கை நின்றது. கொடுவாளை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். "நான் ஆளுங்களக் கூட்டியாரேன். கிட்ட வந்தான்னா வெட்டு."

தன் சைக்கிளில் ஏறிக் கீழே விட்டாள். ரத்தத்தில் பிரேக் வழுக்கியது. செங்குத்தான பாறைப் படுகையை இதுவரை இருவருமே இறங்கி நடந்துதான் கடந்திருக்கிறார்கள். இன்று அவள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. உடம்பைப் பின்னால் தள்ளி, பின்சக்கரத்துக்கு மேல் தொங்கியபடி விழுந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். கடைசிப் பாறையில் தோள்பட்டை மோதியது. எழுந்து, கோணிப்போன ஹேண்டிலோடு மறுபடி சைக்கிளில் ஏறினாள்.

அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த குள்ளம்மாள் அவள் கோலத்தைக் கண்டு ஊரையே கூவி அழைத்தாள். ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். ஆட்கள் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சேலைத் துண்டால் கையைக் கட்டிக்கொண்டு கேத்தரினும் கூடவே ஏறினாள்.

ஆனந்த் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உயிரோடுதான் இருந்தான். மடியில் கொடுவாள். அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மற்றவன் குப்புறக் கிடந்து முனகினான். அவனது வலக்கையில் இரண்டு விரல்கள் வெட்டுப்பட்டுப் போயிருந்தன.

"நம்ம மாயவன்டா இது" என்றார், முகத்தைத் திருப்பிப் பார்த்த ஒருவர்.

"தவழ்ந்து வந்தான்க்கா" என்றான் ஆனந்த். "தண்ணி கேக்க வந்தானோ, என்னைத் தள்ள வந்தானோ தெரியல. வாயில ரத்தம், பேச்சு புரியல. நீ சொன்ன மாதிரி வெட்டிட்டேன்."

கட்டிலில் கிடத்தி ஆனந்தைக் கீழே கொண்டுவந்தார்கள். மாயவனை முதுகில் சுமந்து இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆனந்தின் பாதத்தில் பாதியை எடுக்கவேண்டி வந்தது. கேத்தரினின் கையில் தையல் போட்டார்கள். விசாரிக்க வந்த பெண் காவலர், "அவன் விழுந்தப்புறமும் அடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"அடிச்சேங்க."

"எதுக்கு?"

"தெரியலங்க. எழுந்துருவான்னு பயம். பயம் மட்டும்னு சொல்ல முடியாது."

அடுத்த நாள் மாயவன் இருந்த வார்டின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். முகம் முழுக்கக் கட்டு. அவளைக் கண்டதும் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்குக் கோபம் அடங்கியிருக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுகளிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, தம்பி விழித்திருப்பானே என்று திரும்பி நடந்தாள்.