பச்சை நெற்றி

மருந்துக்கடையில் வேலை பார்த்த மூத்த மகள், நாற்பத்தொரு வயதில் எண்ணெய் வண்ண ஓவியம் கற்கப் போனாள்.

“கண்ணுக்குத் தெரியுற நிறம் வேண்டாம். மனசுல தோணுறதைத் துணிஞ்சு போடுங்க. ஃபாவிசம்ங்கிற ஓவிய பாணி அதுதான்,” என்றார் ஆசிரியை.

அவளுக்கு வந்த வரன்களெல்லாம் நிறத்தைச் சொல்லியே தட்டிப்போனவை. கண்ணாடி முன் உட்கார்ந்து தன் முகத்தைத் துணியில் வரைந்து, நெற்றிக்குப் பச்சையும் கன்னத்துக்கு ஆரஞ்சும் கழுத்துக்கு அடர்நீலமும் ஆசைதீரப் பூசினாள். தன் நிறத்தைத் தானே தேர்ந்தெடுத்தது அதுவே முதல்முறை. காயும்வரை பொறுக்காமல் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “நல்லாத்தான்டி இருக்கு. படத்துலயாவது கொஞ்சம் வெளுப்பா போட்டுக்கக் கூடாதா?”

மகள் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிச் சாத்தினாள்.

“ஏய், சுவத்துல சாயம் ஒட்டிக்கப் போகுதுடி!” என்று அம்மா பதறினாள்.