துரையின் மூலை

விஜயபாண்டி அண்ணன் வீட்டு ஏசிக்கு மூன்றாவது காயில், அதாவது வெளியே சூட்டைத் தள்ளும் குழாய்-தகடு அடுக்கு, மாட்டப் போனபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். முதல் இரண்டும் அரித்து ஓட்டை விழுந்ததற்குப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து மருந்துக் காற்றுதான் காரணம் என்று கோம்பை ஊரே ஒருமனதாக முடிவு செய்திருந்தது. என் பெரியப்பா மகன், மெக்கானிக் ரபீக் அண்ணனும் அதையே சொல்லிவந்தார். நான் கெமிஸ்ட்ரி மூன்றாம் ஆண்டு. லீவு நாளில் அவரோடு வேலைக்குப் போவேன். கழற்றிய காயிலைத் திருப்பிப் பார்த்தேன். காற்று என்றால் முழுக்க அரித்திருக்க வேண்டும். இது ஒரே மூலையில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மட்டும்.

"காத்து இல்லண்ணே. துரை."

துரை அவர்கள் வீட்டுக் கோம்பை நாய். செவலை, கறுத்த மூஞ்சி. புலியை விரட்டிய பரம்பரை என்று விஜயபாண்டி அண்ணன் விருந்தாளிகளிடம் சொல்வார். அந்தப் பரம்பரையில் வந்தவன் விடிந்ததும் அவுட்டோர் யூனிட்டின் அதே மூலையில்தான் காலைத் தூக்குவான்.

விஜயபாண்டி அண்ணன் துரையை நோக்கி விரலை நீட்டினார். "இன்னொரு காயில் போச்சுன்னா, இவன் பொட்டிப்புரத்துல மச்சானோட ஆட்டுக்கிடைக்குக் காவலுக்குப் போறான்."

"அவன் போனா நானும் போறேன். நீங்க ஏசியக் கட்டிப்பிடிச்சுட்டுப் படுங்க," என்றார் அவர் மனைவி மலையம்மாள் அக்கா. அடுத்து என்னைப் பார்த்தார். அன்றைக்கு டீ வராது என்று புரிந்தது.

அதனால் காயிலுக்கு அரிப்பைத் தடுக்கும் கோட்டிங் அடிப்பதென்று முடிவானது. கடலோர வீடுகளில் உப்புக் காற்றுக்கு அடிப்பது. கோம்பையில் கடல் இல்லை, துரை இருக்கிறான். புதுக் காயிலைக் கழுவிக் காயவைத்து, மோட்டாரைச் சாக்கால் மூடி, தகடுகளின் இடுக்கெல்லாம் இறங்கும்படி மெலிசாக இரண்டு தடவை ஸ்பிரே அடித்தேன். அந்த மூலைக்கு மட்டும் மூன்று.

"தாங்குமாடா?" என்றார் விஜயபாண்டி அண்ணன்.

"தாங்கும்ணே. நான் கேரண்டி."

என் கேரண்டியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் கோட்டிங் காய்ந்ததும் துரையை அவிழ்த்துவிட்டார்கள். நேராக மூலைக்கு வந்தான். மோந்தான். தும்மினான். மரியாதைக்குறைவாக எதையோ கண்டதுபோல் திரும்பி நடந்தான்.

"ஏலே, படிச்சவன் படிச்சவன்தான்யா!" அண்ணன் என் தோளில் அடித்தார். "துரை எங்கயும் போக வேணாம். இங்கனயே கிடக்கட்டும்."

அக்கா டீ கொண்டுவந்தார். நீட்டிய டம்ளர் பாதியில் நின்றது. அண்ணனின் முதுகுக்குப் பின்னால், போன வாரம் வாங்கி இன்னும் மாலை கழற்றாத காரின் பளபளக்கும் முன்சக்கரத்தை, துரை பொறுமையாகச் சுற்றி மோந்துகொண்டிருந்தான்.

அக்கா என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, அந்த ஸ்பிரே டப்பாவுல மிச்சம் இருக்கா?"

துரை மூன்று கால்களில் நின்றுகொண்டிருந்தான்.