அக்கா தூங்குது

பேங்க் அக்காவின் மகன் நகரத்திலிருந்து போன் செய்தபோது சாவிக்காரி குப்புறக் கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் போன் சில நாட்களாக அணைந்தே கிடக்கிறது, கொஞ்சம் போய்ப் பார்க்க முடியுமா என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரலில் மரியாதை பாதி தேய்ந்திருந்தது.

"ஏதாவது ஒண்ணு சரியில்லன்னாலும் இந்த வாரமே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அந்த வீட்டையும் வித்துடுவேன். நீங்க மறைக்காம சொல்லுங்க, போதும்."

சாவிக்காரி சரி என்றாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவளும் அந்தப் பக்கம் போய் நாளாகிவிட்டது. அதுவரை தினம் சாயங்காலம் ஒரு எட்டு போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். "கைக்குழந்தைக்குப் பால் குடுக்கப் போறியா?" என்று படகுக்காரன், அதாவது அவள் புருஷன், ஒருநாள் கேலி செய்தான். அந்த ரோஷத்தில் நின்றவள்தான். ரோஷம் யார் மேல், தண்டனை யாருக்கு என்று யோசிக்கிற புத்தி அப்போது வரவில்லை.

ஏரியைச் சுற்றி இருக்கும் வீடுகளில் முக்கால்வாசி விடுமுறைக்காரர்களுடையவை. வெயில் காலத்தில் கூட்டம் அலைமோதும், காரை நிறுத்த இடமிருக்காது, ஐஸ்கிரீம் வண்டியின் மணி காதைத் துளைக்கும். குளிர் தொடங்கியதும் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் காலியாகும். அப்புறம் மிச்சம் இருப்பது படகுக்காரன், மளிகைக்கடை அண்ணன், தண்ணீர்க் குழாய்களைத் திறந்து மூடும் வால்வுக்காரர், இன்னும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள். பூட்டிய வீடுகளின் சாவிகளெல்லாம் இவளிடம் இருக்கும். மின்சாரத்தை அணைத்து, ஜன்னல் பலகைகளைச் சாத்தி, மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து ஒரு வீட்டை மூடினால் 'தூங்க வைத்தாயிற்று' என்பார்கள். அந்த வீடு தூங்குது என்றால் அங்கே மளிகைக்கடை அண்ணனின் ரொட்டி வண்டி நிற்காது. ஒரு சந்தில் எல்லா வீடும் தூங்கிவிட்டால் வால்வுக்காரர் சந்தின் தலைமாட்டிலேயே தண்ணீரை நிறுத்திவிடுவார். ஆளில்லாத வீட்டில் குழாய் வெடித்தால் யார் பார்ப்பது?

ரோட்டுக்கு எட்டாத கடைசிச் சந்தில், இந்த வருஷம் தூங்காத வீடு ஒன்றே ஒன்றுதான். புருஷன் போன பிறகு பேங்க் அக்கா நகரத்து வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, விடுமுறைக்கு வந்துபோன வீட்டில் நிரந்தரமாக இருக்க வந்துவிட்டாள். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் நாளே, "அம்மான்னு கூப்பிட்டு என்னக் கெழவியாக்காத, அக்கான்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டாள். முதல் குளிருக்கே மூட்டை கட்டிவிடுவாள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். சாவிக்காரி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் பயந்தாள். குளிர் காலம் முழுக்கப் படகையும் புருஷனையும் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு கப் டீயை எதிரும் புதிருமாக உட்கார்ந்து குடிக்க ஒருத்தி கிடைத்திருக்கிறாள். இதுவும் போய்விடக் கூடாதே என்ற பயம்.

வெறுங்கையோடு போனால் உளவு பார்க்க வந்த மாதிரி இருக்கும் என்று ரொட்டி வாங்கக் கடையில் நின்றாள். யாருக்கு என்று அண்ணன் கேட்டார். பேங்க் அக்காவுக்கு என்றாள். அவர் பொட்டலம் கட்டிய கையை நிறுத்தினார்.

"அந்த வீடுதான் தூங்குதேம்மா."

"யாரு சொன்னா?"

"நீதான். வண்டிய நிறுத்திக் கதவத் தட்டினேன், யாரும் தெறக்கல, உனக்குப் போன் போட்டேன். தூங்குதுண்ணே, விட்டுட்டுப் போங்கன்னு சொன்னியே."

சொன்னாள்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா கொஞ்சம் கண்ணயர்வது வழக்கம், எழுப்ப வேண்டாமே என்று சொன்னாள். அக்கா தூங்குது, அம்மா சாப்பிடுது என்று நெருங்கின மனுஷர்களைத்தானே அப்படிச் சொல்கிறோம்! 'தூங்குறாங்க' என்று மரியாதையாகச் சொல்லியிருந்தால் ஒரு வினையும் இல்லை. பாசத்தில் வந்த அஃறிணை ஒரு மனுஷியை வீடாக்கிவிட்டது.

"வால்வுக்காரர் கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"அன்னிக்கே சொல்லிட்டேனே..." என்று அண்ணன் இழுத்தார். அவர் முகத்தில் ரத்தம் சுண்டியது. உடனே வால்வைத் திறக்கச் சொல்லுங்கள் என்று கத்திவிட்டுச் சாவிக்காரி பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

ஏரி மேல் பனி மூட்டமாக இருந்தது. தன் கையாலேயே சாத்திய வீடுகளைக் கடந்து போகும்போது ஒவ்வொன்றும் அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. தண்ணீர் இல்லை, ரொட்டி இல்லை, போன் இல்லை. அறுபதைத் தாண்டிய உடம்பு. கதவைத் திறந்ததும் என்ன பார்க்கப் போகிறோம் என்று மனம் படம் படமாகக் காட்டியது. ஒவ்வொன்றையும் தலையை உதறித் தள்ளினாள், அடுத்தது வந்தது. சாவிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டால் இந்த ஊரில் வேறு வேலை கிடைக்காது என்ற நினைப்பும் நடுவில் வந்தது. இந்த நேரத்தில் இதையும் நினைக்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கதவு தாழிடாமல் சும்மாதான் சாத்தியிருந்தது. படகுத்துறையிலிருந்து வாசல்வரை தண்ணீர் சிந்திய தடம் இருந்தது. உள்ளே அடுப்புக்கு முன்னால், கோட்டு சால்வை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு பேங்க் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் முக்காலி மேல் நீட்டியிருந்தது, கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. அடுப்பில் ஏரித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா?" என்றாள். "பயப்படாத, நல்லாத்தான் இருக்கேன். மொத தடவ மொள்ளப் போனப்பவே படியில வழுக்கிடுச்சு. போனு ஏரிக்குள்ள போயிடுச்சு. அப்புறம் பழகிட்டேன். ஒக்காந்து ஒக்காந்தே எறங்கி மொண்டுட்டு வந்துடுவேன்."

சாவிக்காரி பொட்டலத்தைப் பிரித்தாள். ரொட்டியை நீட்டினாள். அக்கா அதை மேனேஜர் மாதிரி நிதானமாகத்தான் வாங்கினாள், ஆனால் முதல் துண்டை மெல்லாமலே விழுங்கினாள். மேஜை மேல் காலி பிஸ்கட் உறைகள் மடித்து அடுக்கியிருந்தன. யாராவது ஒருத்தரிடம் சொல்லியனுப்பியிருக்கக் கூடாதா, சத்தம் போட்டிருக்கக் கூடாதா என்று சாவிக்காரி அழாத குறையாகக் கேட்டாள்.

"எதுக்கு? குளிருல இங்க தண்ணி நின்னுடும், வண்டி வராதுன்னு நெனச்சேன். நீங்கள்லாம் வருஷா வருஷம் இப்படித்தான் இருக்கீங்க, ஒருத்தரும் மூச்சு விடல. நான் மட்டும் போய் மூக்கச் சிந்திட்டு நின்னா, இவ ஓடிடுவான்னு கடையில சொன்னாங்களே, அது சரியாயிடும்ல?" ரொட்டியை மென்றுகொண்டே சிரித்தாள். "ஆனா ஒண்ணு, உங்களுக்கெல்லாம் கல்லு மனசுடி. எப்படித்தான் தாங்குறீங்க?"

ஆமாம் அக்கா, கஷ்டம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலையும் தப்பும், அக்காவின் சிரிப்பும் தப்பும். சாவிக்காரி கடைசியில் சொல்லிவிட்டாள். அண்ணன் போன் செய்தது, தான் சொன்ன ஒரு சொல், அது கடைக்குப் போய் வால்வுவரை போனது, எல்லாவற்றையும்.

"தப்பு முழுக்க என்னோடதுக்கா."

அக்கா மெல்வதை நிறுத்தினாள்.

"அப்போ," என்றாள், "உங்க எல்லார் வீட்டுலயும் தண்ணி வந்துட்டுதான் இருந்துச்சா?"

சாவிக்காரி தலையசைத்தாள். அக்காவின் முகத்தில் கோபம் வந்திருந்தால் தாங்கியிருக்கலாம். கோபம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் தனியாக நின்றுகொண்டிருக்கும் பிள்ளையின் முகம் அது. அவள் சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மன்னிப்பு கேட்க வாயெடுத்த சாவிக்காரியைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அப்போது சுவருக்குள் ஏதோ செருமியது. அடுத்த நிமிஷம் சமையலறைக் குழாய் காற்றைத் துப்பியது, பிறகு செந்நிறத் தண்ணீரை. தண்ணீர் நின்ற அன்றே, வருமா வருமா என்று அக்கா வீட்டிலுள்ள குழாய்களை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்தே விட்டிருக்கிறாள். மாடியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று, துணி துவைக்கும் இடத்தில் ஒன்று என்று வீடு மொத்தமும் ஒரே சமயத்தில் கொட்ட ஆரம்பித்தது. சாவிக்காரி மாடிக்கு ஓடினாள், கீழே வந்தாள், பின்கட்டுக்கு ஓடினாள். இடுப்பில் செருகியிருந்த போன் அடிக்கத் தொடங்கியது. அக்காவின் மகன். எடுக்காமல் ஓடினாள், அது விடாமல் அடித்தது.

கடைசியாகக் குளியலறைக்கு வந்தபோது அக்கா அங்கே இருந்தாள். சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே வந்திருக்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து, வீங்கிய காலைக் குழாய்க்கு அடியில் நீட்டியிருந்தாள். தண்ணீர் தெளிந்துவிட்டிருந்தது. சாவிக்காரி குனிந்து குழாயின் திருகைப் பிடித்தாள்.

மூட விடாமல் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் காலில் விழுந்து, தரையெல்லாம் பரவி, வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.