ஒற்றைப்படைப் பாலம்

எங்கள் தெருவையும் கடைவீதியையும் பிரிக்கிற கால்வாயின் மேலிருந்த பாலம் ஒரு நாள் காலையில் விழுந்தது. யார் தலையிலும் விழவில்லை. ஆளில்லாத நேரம் பார்த்து மரியாதையாக விழுந்தது.

பாலங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் நான் பொறியாளர். அக்கரையில் தையல் கடை வைத்திருந்தவள் என் மனைவி. தைத்த துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, வழுக்கி விழுந்து எழுந்து போனாள். ஈரத்துணி வேண்டாமென்று வாடிக்கைக்காரர்கள் நழுவ ஆரம்பித்தார்கள். பாலம் வராவிட்டால் கடையை மூடிவிட்டு, நாள் முழுக்க வீட்டிலிருந்து என்னைக் கவனித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். கல்யாணமானவர்களுக்கு அது மிரட்டல் என்று புரியும்.

எங்கள் அதிகாரிக்கு ‘அடுத்த வருஷம்’ என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். உள்கட்டமைப்பு நிதி கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருக்கிறது என்றார். பக்கத்திலேயே புத்தாக்க நிதி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஒன்றில் எடுத்து மற்றதில் போட்டால் வேலை போய்விடும். புத்தாக்க நிதியில் கேட்கலாம். ஆனால் கேட்பது இதுவரை யாரும் செய்யாததாக இருக்க வேண்டும்.

இரண்டு நாள் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன். நான் கேட்டது குறுக்கே போட ஒரு பலகைதான்; ஆனால் பலகை என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டேன். ‘மின்சாரமோ எரிபொருளோ இன்றி, பயணி தன் சொந்தக் கால்களாலேயே இயக்கும் கால்வாய்க் கடப்பு அமைப்பு’ என்று எழுதினேன். ஒரே வாரத்தில் அனுமதி வந்தது. கூடவே பதினான்காம் விதியும் வந்தது. புதுமையைப் பாதிப் பேருக்குத்தான் கொடுக்க வேண்டும். மீதிப் பாதி ஒரு வருஷம் அது இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் திட்டம் வெற்றி; தெரியாவிட்டால் பலகையைக் கழற்றிவிட வேண்டும்.

தெருவின் முன்னால் சீட்டுப் போட்டோம். ஒற்றைப்படை எண் வீட்டுக்காரர்களுக்குப் பாலம் விழுந்தது. எங்கள் வீட்டு எண் நாற்பத்திரண்டு. சீட்டை எடுத்தவன் நான்.

எதிரே நாற்பத்தொன்றில் என் அக்கா இருந்தாள். அவளும் என் மனைவியும் பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. கோபம் மட்டும் பத்திரமாக இருந்தது. அக்காவுக்கு அக்கரையில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பலகைப் பாலம் திறந்த அன்று கையை வீசிக்கொண்டு ஒன்பது தடவை போய் வந்தாள்.

அக்கா பத்தாவது தடவை போகும்போது என் மனைவி மூட்டையோடு பாலத்தின் முனையில் நின்றாள். காவல் நின்ற நான் விதியை வாசித்தேன். இரட்டைப்படைக்காரர்களின் பாதம் பலகையில் படக் கூடாது.

"பாதம்தானே படக் கூடாது?" என்றாள்.

"ஆமா."

"அண்ணி, கொஞ்சம் குனிங்க."

பதினோரு வருஷத்தில் முதல் வார்த்தை. அந்த அதிர்ச்சியில் அக்கா குனிந்துவிட்டாள். என் மனைவி மூட்டையோடு முதுகில் ஏறிக்கொண்டாள்.

"என்னடி இந்தக் கனம் கனக்குற? என் தம்பி சம்பளம் பூரா உனக்குள்ளதான் போகுதா?"

"உங்க தம்பி சம்பளத்தை நம்பியிருந்தா நான் காத்துல பறந்திருப்பேன். ஆடாம நடங்க, துணி கசங்குது."

வழியெல்லாம் சண்டை. அக்கரையிலும் முடியவில்லை. மிச்சத்தைச் சாயங்காலம் திரும்பும்போது போட்டார்கள். மறுநாளிலிருந்து ஒற்றைப்படை முழுக்க இரட்டைப்படையைச் சுமந்தது. பல் மருத்துவர் வங்கி மேலாளரைச் சுமந்தார். ஒல்லிக்குச்சி ஓவிய ஆசிரியர் கறிக்கடைக்காரரைத் தூக்கிய அன்று, பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. கடைக்கு வாடிக்கையும் திரும்பியது.

வருஷ முடிவில் மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர், ஒரே குடை. இரண்டு பாதிக்காரர்களின் பாதங்களையும் மைஒற்றும் தாளால் ஒற்றிப் பார்த்தார்கள். எல்லாம் காய்ந்த பாதம். வித்தியாசம் இல்லை, ஆகவே பலனும் இல்லை, பலகையைக் கழற்றலாம் என்று குடை பிடித்திருந்தவர் எழுதப் போனார். அந்த நேரத்தில் அக்கா முதுகில் என் மனைவி வந்து சேர்ந்தாள்.

"இது என்ன?" என்றார் குடைக்காரர்.

"இதுதான் சார் திட்டம்," என்றாள் என் மனைவி, இறங்காமலே. "பலகை சும்மா கீழ கிடக்குது."

"இதுக்கு முன்னாடி எங்கயாவது இப்படிப் பண்ணியிருக்காங்களா?"

"வேற எவளுக்குப் பைத்தியம்?" என்றாள் அக்கா.

குடைக்காரர் அதை ‘வேறெங்கும் முயலப்படாதது’ என்று எழுதிக்கொண்டார். சுமப்பதே புத்தாக்கம் என்று தீர்ப்பானது. அப்படியானால் பலகை வெறும் உள்கட்டமைப்பு. அந்த நிதி புது வருஷத்துக்கு நிரம்பியிருந்ததால், அதில் கெட்டியான கான்கிரீட் பாலமே வந்தது. உள்கட்டமைப்பில் பாதிப் பேர் கணக்கெல்லாம் இல்லை. யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

திறந்த அன்று காலையில் மனைவியிடம் அதைச் சொன்னேன். அக்கா ஏற்கனவே குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நடக்கவா?" என்றாள் என் மனைவி. "பாதி சண்டைல இருக்கோம். அதை யாரு முடிக்கிறது?"

ஏறிக்கொண்டு போய்விட்டாள்.