சலாம் சொல்லாத வீரன்

உலகத்துக்குக் கேடு வரும்போதெல்லாம் அதைக் காக்க ஒரு வீரன் தோன்றியே தீருவான்; எல்லா தேசத்துக் கதைகளும் ஒரே குரலில் சொல்லும் சத்தியம் இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் வருடம், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தருமபுரியில் ஜவுளிக்கடை அப்துல் கனி வீட்டு டி.வி.யில் தோன்றிய அந்த வீரன், கட்டைவிரல் உயரம்கூட இல்லாமல், ஒரு சுவரில் முட்டிக்கொண்டே நடந்துகொண்டிருந்தான்.

"யோசிக்கறான், மாமா" என்றான் சலாவுதீன்.

சலாவுதீனுக்கு ஊர் மாரண்டஹள்ளி. துபாயில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவன். வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்கும் கனியின் மகள் வஹிதாவுக்கும் நிச்சயம். துபாயில் அவனுக்கு என்ன வேலை என்பது பல கை மாறி வளர்ந்த விஷயம். தரகர் 'கம்பெனி வேலை' என்றார். அவன் அம்மா அதை 'ஜப்பான் கம்பெனி' ஆக்கினாள். கனி தன் கடைக்குப் புடவை எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அது 'கம்ப்யூட்டர் இன்ஜினியர், ஜப்பான் பாஷை தண்ணி பட்ட பாடு' என்று முடிந்தது. சலாவுதீன் மறுக்கவில்லை. அவன் செய்தது அவ்வளவுதான். துபாயிலிருந்து அவன் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும், அதைக் கொண்டுவந்து போட்டுக் காட்டச் சொன்னார் கனி. சந்தேகப்பட்டு அல்ல. பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டர் தீர்த்தகிரி பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு தருமபுரியிலிருந்து ஓசூர் வரை அவர் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லவேண்டும் என்பதற்காக.

அப்படித்தான் சூட்கேஸில் துண்டு சுற்றி வந்த வீடியோ கேம் பெட்டி இப்போது டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. நாற்காலிகளில் கனியும் தீர்த்தகிரியும். உள்ளறைத் திரைக்குப் பின்னால் வஹிதாவும் கனியின் அக்கா ரோஷன் பீயும்.

கதையில் முதலில் ஒரு ராஜா வந்தார். கீழே ஒரு கட்டத்துக்குள் ஜப்பான் எழுத்துகள் டிக் டிக்கென்று ஓடின. பூதம் ஒன்று இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, நீதான் மீட்கவேண்டும் என்கிறார் ராஜா என்று சலாவுதீன் படித்துச் சொன்னான். சொல்லிவிட்டு ராஜா வீரனுக்கு ஒரு தடியும் ஒரு வெங்காயமும் கொடுத்தார். தீர்த்தகிரியால் தாங்க முடியவில்லை. அத்தனை பெரிய கோட்டை, வாசலில் இரண்டு சிப்பாய், சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் பூட்டிய பெட்டி வேறு. பெற்ற பெண்ணை மீட்கப் போகிறவனுக்கு ஒரு வெங்காயமா என்று கேட்டார். எங்கள் டிப்போவிலாவது வருஷத்துக்கு இரண்டு சட்டைத்துணி உண்டு என்றார். கனி சிரித்து, ஜப்பான்காரன் சிக்கனக்காரன் என்று மாப்பிள்ளையின் கம்பெனிக்காகப் பேசினார்.

சிரிப்பு அந்தக் கோட்டைக்குள்ளேயே முடிந்துபோயிற்று. வீரன் ஊருக்குள் வந்தான். முதல் வீட்டுக் கதவு தானாகத் திறந்தது. அவன் விறுவிறுவென்று உள்ளே போனான். அடுப்பங்கரையில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவளைத் தாண்டிப் போய், மூலையில் இருந்த பானையைத் தூக்கிப்போட்டு உடைத்தான். பிறகு பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஏதோ ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். அந்தப் பெண் இருந்த இடத்திலிருந்து அசையவில்லை.

கனியின் முகம் மாறியது. அடுத்தவர் வீட்டு வாசலில் மூன்று தடவை சலாம் சொல்லி, பதில் வராவிட்டால் திரும்பிவிடுகிற மனிதர் அவர். மதியம் சாப்பிடத் தன் சொந்த வீட்டுக்கு வரும்போதுகூட வாசலில் செருமி, சலாம் சொல்லி, உள்ளே பெண்களுக்கு முக்காடு போட்டுக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். ஒருமுறை ரோஷன் பீ தூங்கிவிட்டதால் பசியோடு கடைக்கே திரும்பிப் போனவர்.

"ஏந்தம்பி" என்றார் மெதுவாக. "இவன்தான் நல்லவனா?"

"அது அவங்க சித்தப்பா வூடுங்க, மாமா."

வீரன் அடுத்த வீட்டுக்குள்ளும் அப்படியே போனான். அது பெரியப்பா வீடு. அதற்கடுத்தது அத்தை வீடு. ஐந்தாவது வீட்டில் ஒருவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்க, அவர் தலைமாட்டுப் பெட்டியையே திறந்து ஒரு குல்லாவை எடுத்தான். ஊர் முழுக்க ஒரே குடும்பமா, அப்படியென்றால் ஓட்டுக்கு யாரும் காசு கொடுத்திருக்கமாட்டார்களே என்றார் தீர்த்தகிரி. கனி சிரிக்கவில்லை. பூதமாவது ஒரே ஒரு வீட்டில்தான் புகுந்தது, அதுவும் ராஜா வீட்டில் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சலாவுதீன் வீரனை அவசரமாக ஊருக்கு வெளியே ஓட்டினான். கிணற்றடியில் ஒரு கிழவர் வழிமறித்தார். கிணறு வற்றிப்போச்சு என்கிறார் என்று சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் போயிற்று.

சமோசாவும் டீயும் வந்தன. அரை மணியில் கரண்டும் வந்தது. மறுபடி ராஜா, மறுபடி வெங்காயம். இந்தத் தடவை எந்த வீட்டுக்குள்ளும் நுழைய விடாமல் வீரனை நேரே கிணற்றடிக்குக் கொண்டுபோனான். கிழவர் பேசினார். இளவரசியை வடக்கு மலைக் குகையில் வைத்திருப்பதாகச் சொல்கிறார் என்றான் சலாவுதீன்.

உள்ளறைத் திரை லேசாக ஆடியது. வஹிதா காலையில் தெருப்பிள்ளைகளுக்கு அரபி ஓதிக்கொடுக்கிறவள். ஒரு புள்ளி இடம் மாறினாலும் பிள்ளைகளை மறுபடி ஓதவைப்பவள்.

"அத்தா, மொதல்லயும் இதே எழுத்துதான் வந்துச்சு. அப்ப கிணறு வத்திப்போச்சுன்னாரு."

மேலே மின்விசிறி கிரீச்சிட்டது. சலாவுதீன் திரையைப் பார்க்கவில்லை, டி.வி.யையும் பார்க்கவில்லை. ஜப்பானில் காலையில் ஒரு அர்த்தம், மத்தியானம் ஒரு அர்த்தம் என்றான். கனி தலையாட்டினார். அதனால்தான் அவர்கள் முன்னேறிவிட்டார்கள் என்றார். ஆனால் குரலில் பழைய கெத்து இல்லை. உள்ளே ரோஷன் பீ பாக்கு வெட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

அப்போது படம் கோணல்மாணலாகி நின்றுவிட்டது. கரண்ட் ஏறி இறங்கினால் அப்படி ஆகும். கேசட்டைப் பிடுங்கி, அடியில் ஊதி, மறுபடி செருகவேண்டும். எப்போதும் அதை சலாவுதீன்தான், பின்பக்கத்தை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு செய்வான். இன்று வஹிதாவின் குரல் இன்னும் காதிலேயே இருந்ததில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. டிக்கெட் கட்டில் ஒட்டிய தாளை ஊதிப் பிரிக்கிற பழக்கத்தில் தீர்த்தகிரி கேசட்டை உருவி, ஓங்கி ஊதி, "அட, சூடா இருக்குது பாய்" என்று கனியின் கையில் கொடுத்தார்.

கனி அதைத் திருப்பினார். பின்பக்கம் அரபி எழுத்து.

கண்ணாடி கடையில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டாலும் எந்த எழுத்து என்று அவருக்குத் தெரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதுபோல, கேசட்டை வலது கண்ணிலும் இடது கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, உதட்டில் வைத்து முத்தமிட்டார். இப்படிக் குர்ஆன் வசனத்தைப் பின்னால் எழுதி வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாரே மாப்பிள்ளை என்று தீர்த்தகிரியிடம் சொன்னார். பிறகு திரைக்குள் கேசட்டை நீட்டினார்.

"ஓதும்மா. சத்தமா ஓது. தீர்த்தகிரியும் கேக்கட்டும்."

உள்ளே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளும் சத்தம்.

"ஃபஹத்" என்றாள் வஹிதா. "அவ்வளவுதான் அத்தா. பேரு. கீழ ஒரு பூனை வரைஞ்சிருக்குது."

"ஃபஹத்துன்னா யாரு?" என்று கேட்டாள் ரோஷன் பீ.

கம்பெனி மேனேஜர் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. ஆனால் காலையிலிருந்து இத்தனை பேருக்கு மொழிபெயர்த்து அவனுக்குக் களைத்துப் போயிருந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், பால் தம்ளரோடு நிற்கிற சலாவுதீனைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, ஜப்பான் எழுத்து ஒன்றும் தெரியாமலே கிழவர் என்ன சொல்கிறார் என்று தினம் ஒரு கதை கட்டுகிற எட்டு வயசுப் பையன் ஞாபகத்துக்கு வந்தான்.

"நான் வேலை செஞ்ச வூட்டுப் பையனுங்க. ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயி வுடுவேன்."

தீர்த்தகிரி டீ தம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனி நின்றபடியே இருந்தார். கடையில் பாப்ளினைத் தடவிப் பார்க்கிற மாதிரி நாற்காலியின் கையைத் தடவினார்.

"இதக் கேட்டு வாங்குனீங்களா தம்பி" என்றார், "இல்ல..."

முடிக்கவில்லை. திரை விலகி, வளையல் போட்ட ஒரு கை கேசட்டை வெளியே நீட்டியது. அதை யார் வாங்குவது என்று தெரியாமல் மூன்று ஆண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் பூனையைப் பச்சைக் கிரேயானில் வரைந்திருந்தான். சூட்டில் இளகிப்போய் ஒரு பக்கத்து மீசை காணாமல் போயிருந்தது.

அது கனியின் உதட்டில் இருந்தது.